‘ஆல்ஃபா ஆண்’ பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஆண்களுக்கான ஆளுமைப் பயிற்சி என்று வரும் விளம்பரங்களைப் பார்த்துப் பணம் கட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். சென்னையில் அப்படி ஓர் இடத்தில் 18,000 ரூபாய் கட்டி ஏமாந்திருக்கிறேன்.

மளிகைக் கடைகளில் ஆர்டர் எடுக்கும் வேலையிலிருந்து ஏரியா மேனேஜராக உயர வேண்டிய நேரம். கூட்டத்தில் தடுமாறாமல் பேச வேண்டும், பாந்தமாக உடுத்த வேண்டும், அவ்வளவுதான் என் தேவை. விளம்பரத்திலும் அதைத்தான் போட்டிருந்தார்கள்.

வகுப்பில் நடந்தது வேறு. சிரிக்காதே, முதலில் வணக்கம் சொல்லாதே, குரலைத் தாழ்த்து, ஊர்ப்பேச்சை விடு. கடைக்காரரிடம் பிள்ளைகளின் படிப்பை விசாரித்துவிட்டு ஆர்டர் கேட்பது என் வழக்கம். அது பலவீனமான ஆணின் அடையாளமாம். என் வியாபாரமே அந்த விசாரிப்பில்தான் நிற்கிறது! குரலை வலிந்து தாழ்த்திப் பேசியதில் தொண்டை கட்டி, கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் நின்றேன். உடனே அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இதற்கெல்லாம் அறிவியல் ஆதாரம் என்று ஓநாய்க் கூட்டத்தின் ‘ஆல்ஃபா’வை, அதாவது மற்றவற்றை அடக்கி ஆளும் தலைமை ஓநாயைக் காட்டுவார்கள். அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதியதிலிருந்து பரவிய கருத்து அது. ஒரு காலத்தில் அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், குட்டிகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999இல் எழுதிவிட்டார். அப்புறம் ‘பேச்சில் சொற்களுக்கு 7 சதவீத மதிப்புதான்’ என்பார்கள். அது 1967இல் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் விருப்பு வெறுப்பு உணர்வுகளைப் பற்றி மட்டும் செய்த சோதனைகளின் கணக்கு. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பாதியில் விலகிப் பணம் கேட்டேன். ‘ரீஃபண்ட் கிடையாது’ என்று ரசீதைக் காட்டினார்கள். அதைக் கண்டு அடங்கிவிடாதீர்கள். குறையுள்ள சேவைக்குப் பணம் திருப்பித் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிகமாகவே கருதுகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் தமிழிலேயே புகார் சொல்லலாம். நாம் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக் கட்டணம் இல்லை; இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். என் புகார் இப்போது நடப்பில் இருக்கிறது.

மேடைப் பேச்சுதான் தேவை என்றால் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றத்தின் கூட்டம் ஒன்றுக்கு விருந்தினராகப் போய்ப் பாருங்கள். நான் போகிறேன். என் தூத்துக்குடிப் பேச்சை அங்கே யாரும் மாற்றச் சொல்லவில்லை. ‘ம்… வந்து…’ என்று இழுப்பதை மட்டும் எண்ணிச் சொல்கிறார்கள், அது குறைந்துகொண்டே வருகிறது.