டெல்டிக் இன்ஜினைப் பழுது பார்த்த டவுண் மோட்டார் கடை

திருநெல்வேலி டவுணில் தெற்கு ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள், பலகையில் கடைப்பெயர் எதுவும் இல்லாமல் ‘மிக்சி, கிரைண்டர், ஃபேன் ரீவைண்டிங்’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. சீமையிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்த உறவினர்கள் கொண்டுவந்த மின்சார ரயில் மாதிரிகள் ஓடாமல் நின்றுபோய்ப் பரணில் கிடக்கும் வீடுகள் நம் பக்கத்தில் பல உண்டு. அவற்றை எங்கே கொடுத்துச் சரி செய்வது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இனி இந்தக் கடையைத்தான் சொல்வேன். ஏன் சொல்கிறேன் என்பதையும், எந்த வேலையை அங்கே எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் எழுதுகிறேன்.

நான் கொண்டுபோனது, இத்தாலியின் லீமா நிறுவனம் பிரிட்டிஷ் ரயில்வேயின் டெல்டிக் டீசல் இன்ஜினைப் பார்த்துச் செய்த, நீல உடலும் மஞ்சள் முகமும் கொண்ட மாதிரி. நிஜத்தில் ஓர் அடி என்பது இதில் நான்கு மில்லிமீட்டர்; அதாவது 76-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்குப்படி தண்டவாளங்களின் இடைவெளி ஏறக்குறைய 18.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆனால் பிரிட்டனில் இந்த அளவு மாதிரிகளுக்கு 16.5 மில்லிமீட்டர் தடமே வழக்கமாகி நிலைத்துவிட்டது. அதனால் உடல் அகலமாகவும் அதன் கீழே தடம் ஒடுங்கியும் தெரியும். அங்கே பலர் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. மீட்டர் கேஜில் ஓடிய வண்டிகளைப் பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்கு அது சிறிதும் உறுத்துவதில்லை.

இந்த இன்ஜினைக் கொண்டுவந்தவர் என் தாய்மாமா. பாளையங்கோட்டையில் படித்து மருத்துவராகி, 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டான்காஸ்டரில் பணியாற்றினார். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோ செல்லும் 632 கிலோமீட்டர் கிழக்குக் கடற்கரைப் பாதையில் உள்ள ஊர் அது. டெல்டிக் இன்ஜின்களைப் பிரித்துச் செப்பனிட்ட பெரிய ரயில்வே பணிமனையும் அங்கேதான் இருந்தது. நடைமேடையின் கோடியில் நோட்டும் பென்சிலுமாக நின்று, வருகிற இன்ஜின்களின் எண்களைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் அங்கே சிறுவர் முதல் ஓய்வு பெற்றோர் வரை பரவியிருந்தது. சதர்ன் ரயில்வேயில் எழுத்தராக இருந்த இயன் ஆலன், இன்ஜின் எண்களைக் கேட்டு வரும் கடிதங்களுக்கு ஓயாமல் பதில் எழுத நேர்ந்ததால், 1942-இல் எண்கள் அனைத்தையும் தொகுத்துச் சிறு கைப்புத்தகமாக வெளியிட்டார். பார்த்த எண்ணின் அடியில் கோடு போடுவது அதன் பிறகு நாடு முழுவதும் வழக்கமாயிற்று. மாமாவும் கோடு போட்டிருக்கிறார். மொத்தம் இருந்த 22 டெல்டிக்குகளில் ‘நிம்பஸ்’ என்ற ஒன்றுக்கு மட்டும் அவருடைய நோட்டில் கோடு இல்லை. 1980 ஜனவரியிலேயே அது சேவையிலிருந்து நீக்கப்பட்டது.

அந்த 22 இன்ஜின்களைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லத்தான் வேண்டும். அவை 1961-லும் 1962-லும் வல்கன் ஃபவுண்டரியில் கட்டப்பட்டவை. 1853-இல் பம்பாயிலிருந்து தாணேக்கு நம் நாட்டின் முதல் பயணிகள் வண்டியை இழுத்த நீராவி இன்ஜின்களைச் செய்து அனுப்பியதும் அதே தொழிற்சாலைதான். ஒவ்வொரு டெல்டிக்கிலும் நேப்பியர் நிறுவனம் செய்த இரண்டு டீசல் எந்திரங்கள். ஒவ்வொன்றிலும் முக்கோணமாக அமைந்த 18 சிலிண்டர்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் எதிரெதிராக இயங்கும் இரண்டு பிஸ்டன்கள். கடற்படையின் வேகப் படகுகளுக்காக உருவான எந்திரம் அது. இரண்டும் சேர்ந்து 3,300 குதிரைத்திறன் தந்தன. 55 நீராவி இன்ஜின்கள் பார்த்த வேலையை இந்த 22-உம் ஏற்றுக்கொண்டு, மணிக்கு 100 மைல் வேகத்தில் ஓடி, லண்டன்–எடின்பரோ பயணத்தை 1962-லேயே ஆறு மணி நேரமாகக் குறைத்தன. லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் பணிமனையைச் சேர்ந்தவற்றுக்குப் பந்தயக் குதிரைகளின் பெயர்களும், மற்றவற்றுக்கு ராணுவப் படைப்பிரிவுகளின் பெயர்களும் சூட்டப்பட்டிருந்தன. 1978 முதல் அதிவேக டீசல் ரயில்கள் அந்தப் பாதைக்கு வர, 1982 ஜனவரி 2-ஆம் தேதி வழியனுப்பு ஓட்டத்தோடு டெல்டிக்கின் காலம் முடிந்தது. ஆறு இன்ஜின்கள் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

மாமா டான்காஸ்டரில் எண் குறித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், இங்கே ஈரடுக்கு மேம்பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று சந்திப்புக்குள் வரும் வண்டிகளைப் பார்த்த சிறுவர்களும் இருந்தார்கள். நம் கையில் எண் புத்தகம் இல்லை. ஆனால் காது இருந்தது. செங்கோட்டைப் பாதையிலும் திருச்செந்தூர்ப் பாதையிலும் பிற்காலத்தில் மீட்டர் கேஜ் வண்டிகளை இழுத்த ஒய்டிஎம்-4 இன்ஜின், ஆறு சிலிண்டர் கொண்ட அமெரிக்க ஆல்கோ வடிவமைப்பு. அது நின்று உறுமும்போது அடிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். பகவதிபுரம் தாண்டி ஆரியங்காவு குகையை நோக்கி ஏறும்போது அந்த அடிகள் கனத்து மலையில் மோதித் திரும்பும். டெல்டிக்கின் ஓசையோ இதற்கு நேர்மாறானது. 36 சிலிண்டர்களின் அடிகள் ஒன்றோடொன்று கலந்து, இடைவெளியே இல்லாத ஒரே நீண்ட ரீங்காரமாகிவிடும். மாமா அந்த ஓசையைத் தொண்டையால் செய்து காட்டுவார். அந்த மலைப்பாதை 2010-இல் மூடப்பட்டு, 2018-இல் அகலப்பாதையாகத் திறந்தபோது ஒய்டிஎம்-4 வருவதற்கு வழியில்லை. எனவே பரணிலிருந்து எடுத்த டெல்டிக் ஓடியே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு, மாமாவின் நினைவு மட்டும் காரணமில்லை.

இனி கடையைப் பற்றிச் சொல்கிறேன். வேறொரு ஊரில் ஒரு கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்காமல், “மோட்டார் எரிந்துவிட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்” என்று திருப்பிக் கொடுத்த இன்ஜின் இது. டவுண் கடை அண்ணாச்சி அப்படிச் செய்யவில்லை. மேஜையில் மின்சாரத்தை அளக்கும் மீட்டர் இருந்தும் முதலில் அவர் அதைத் தொடவில்லை. 12 வோல்ட் நேர்மின்சாரம் தரும் அடாப்டரின் இரு வயர்களையும் சக்கரங்களில் வைத்துக் காதை அருகில் கொண்டுபோனார். இந்த மாதிரியில் முன்பக்கச் சக்கரத் தொகுதி ஒரு தண்டவாளத்திலிருந்தும் பின்பக்கத் தொகுதி மற்றத் தண்டவாளத்திலிருந்தும் மின்சாரம் எடுப்பதால், எந்தச் சக்கரத்தில் எந்த வயரை வைப்பது என்று தெரியாதவர்கள் இன்ஜினே செத்துவிட்டதாக முடிவு கட்டிவிடுவார்கள். அவர் இரண்டு மூன்று இடங்களில் தொட்டுப் பார்த்துத் தாமாகவே கண்டுபிடித்துவிட்டார்.

“ஆர்மேச்சர் எரிஞ்சிருந்தா வாடை காட்டிக் குடுத்துரும் தம்பி. இது உறுமுது, சுத்த மாட்டேங்கு. அழுக்குதான் பிடிச்சுக் கிடக்கு. எரிஞ்சிட்டுன்னு எவன் சொன்னாலும் நம்பாதீய” என்றார்.

அவர் சொன்னபடியேதான் இருந்தது. ஆர்மேச்சர், அதாவது மோட்டாரில் காயில் சுற்றிய சுழலும் பகுதி, எரியவில்லை. உடலின் பக்கவாட்டை நகத்தால் மெல்ல விரித்து, ஒரு கிளிப்பும் உடையாமல் கழற்றினார். பல ஆண்டுகளுக்கு முன் போட்ட எண்ணெய், பல்சக்கரங்களின் இடையே பழுப்புப் பசையாக இறுகியிருந்தது. ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் கம்யூட்டேட்டரின் செம்புத் துண்டுகளுக்கு நடுவிலுள்ள இடுக்குகளில் கார்பன் தூள் அடைத்திருந்ததால், மின்சாரம் காயிலுக்குள் போகாமல் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தது. ஈர்க்குச்சியின் முனையைச் சீவி, அதனாலேயே ஒவ்வொரு இடுக்கையும் சுரண்டி எடுத்தார். ஊசியைப் போட்டால் செம்பில் கீறல் விழும் என்றார். அந்தச் செம்பைத் தொட்டு மின்சாரம் கடத்தும் கார்பன் கட்டைகள் இரண்டும் உளுந்தம்பருப்பு அளவுக்குத் தேய்ந்திருந்தன. அதே அளவில் இங்கே கிடைக்காது என்பதால், மிக்சி கார்பன் ஒன்றை அறுத்து, அரத்தால் ராவி, கூட்டுக்குள் போட்டுப் பார்த்து, மறுபடி ராவி, தடையில்லாமல் வழுக்கி இறங்கும்வரை விடவில்லை. இந்த ஒரு வேலைக்காகவே கடையைப் பாராட்டுவேன். கார்பன் இறுக்கமாக இருந்தால் ஸ்பிரிங்கால் அதைத் தள்ள முடியாது. தளர்வாக இருந்தால் ஆடிப் பொறி பறக்கும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவது கைப்பழக்கத்தால் மட்டுமே வரும்.

தண்டவாளத் துண்டுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், பள்ளிக்கூட அழிப்பானால் துடைத்ததும் சரியான முறையே. உப்புத்தாள் போடும் கோடுகளில் மறுபடியும் அழுக்குச் சேரும். இன்ஜினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய கன்ட்ரோலரின் விறைத்துப்போன வயரை மாற்றி, நம் ஊர்ப் பிளக்கையும் பொருத்திக் கொடுத்தார். பிரிட்டனின் மின்சாரமும் நம் மின்சாரமும் ஏறக்குறைய ஒரே அழுத்தமும் அதே 50 ஹெர்ட்ஸும் கொண்டவை என்பதால், தனி டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் தேவைப்படவில்லை.

இன்ஜின் இப்போது ஓடுகிறது. மெதுவாகப் புறப்பட்டு, வளைவில் திணறாமல், நான்கு பெட்டிகளை இழுக்கிறது. நிஜ டெல்டிக்கின் ரீங்காரத்தை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. பல்சக்கரங்களின் கரகரப்புதான் கேட்கும். ஒலிச்சில்லு வைத்த புதிய மாதிரிகள் வாங்கினால் எந்திர ஓசையும் கிடைக்கும், ஆனால் அவற்றின் விலை பல ஆயிரம் ரூபாய். எனக்கு இந்தக் கரகரப்பே போதும்.

குறைகளும் உண்டு. வழுக்காமல் இழுப்பதற்காக ஓட்டுச் சக்கரங்களில் மாட்டியிருக்கும் மெல்லிய ரப்பர் வளையங்கள் வெடித்துப்போயிருந்தன. அதற்குப் பதிலாக அண்ணாச்சி சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிப் போட்ட வளையம் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக இல்லை. வேகம் கூடும்போது இன்ஜின் லேசாகத் துள்ளுகிறது. இந்த வேலையை மட்டும் அவரிடம் விடாமல், உரிய வளையங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொடுப்பதே நல்லது. ரசீது தருவதில்லை. சொன்ன நாளில் வேலை முடிவதும் இல்லை. மிக்சிகள் வரிசையில் நிற்கும்போது ரயில் இன்ஜின் கடைசிக்குப் போய்விடுகிறது. அவசரப்படுத்துவது பயனற்றது என்பதைவிட, இவ்வளவு நுணுக்கமான வேலையை அவசரப்படுத்தக் கூடாது என்பதே என் எண்ணம்.

கூலியாக 450 ரூபாய் வாங்கினார். வயருக்கும் பிளக்குக்கும் தனியாகக் கொடுத்தேன். பார்த்த வேலைக்கு இது மிகக் குறைவு. போகிறவர்கள் இன்ஜினை மட்டும் எடுத்துச் செல்லாமல், கன்ட்ரோலரையும் இரண்டு தண்டவாளத் துண்டுகளையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். அவருடைய மேஜையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்கலாம். ஆனித் தேரோட்டத்தை ஒட்டிய நாட்களில் ரத வீதிகளுக்குள் வண்டி போகாது. முற்பகலில் சென்றால் அவர் நிதானமாகப் பேசுவார். இங்கிலாந்திலிருந்து ரப்பர் வளையங்கள் வந்து சேர்ந்ததும், அவற்றை மாட்டுவதற்கும் நான் இந்தக் கடைக்குத்தான் போகப்போகிறேன்.