குட்டி நிக்கோலா: எந்த நூலிலிருந்து தொடங்குவது?

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் படங்களோடு கூடிய நகைச்சுவைத் தொடர் ஒன்றைத் தேடும் பெற்றோருக்குப் புத்தகக் கடைகளில் முதலில் எடுத்துக் காட்டப்படுபவை, கடந்த இருபது ஆண்டுகளுக்குள் வெளியான, நாட்குறிப்பு வடிவில் அமைந்த அமெரிக்க, ஆங்கிலேயத் தொடர்களே. அவற்றைப் படித்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆயினும் அந்த அடுக்குகளில் பெரும்பாலும் கண்ணில் படாத ‘குட்டி நிக்கோலா’ என்னும் பிரெஞ்சுத் தொடரை முதலில் வாங்கித் தாருங்கள் என்றே நான் எவரிடமும் சொல்வேன். பிள்ளையும் பெற்றோரும் ஒரே பக்கத்தைப் பார்த்து, வெவ்வேறு காரணங்களுக்காக, ஒரே நேரத்தில் சிரிக்க வைக்கும் நூல்களுள் இதற்கு இணையாக இன்னொன்றை நான் கண்டதில்லை.

கதைகளை எழுதியவர் ரெனே கோசினி. படங்களை வரைந்தவர் ழான்-ழாக் சாம்பே. இருவரும் 1955-இல் பெல்ஜிய வார இதழ் ஒன்றில் நிக்கோலாவைக் கட்டம் கட்டமாக வரையும் சித்திரக்கதையாகத்தான் முதலில் உருவாக்கினார்கள். அந்த வடிவம் சாம்பேயின் இயல்போடு ஒட்டவில்லை; முயற்சி சிறிது காலத்தில் நின்றுபோனது. பின்னர் 1959 மார்ச்சில், போர்தோ நகரிலிருந்து வெளிவரும் ‘சுத் வெஸ்த்’ நாளிதழின் ஞாயிறு பதிப்பில், ஒரு சிறுகதையும் அதற்கு இடையிடையே சில கோட்டோவியங்களும் என்ற இன்றைய வடிவத்தில் அது மறுபிறவி எடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில்தான் கோசினி, ஓவியர் அல்பேர் உதெர்ஸோவுடன் சேர்ந்து ஆஸ்டெரிக்ஸ் என்னும் சித்திரக்கதைத் தொடரைத் தொடங்கினார். ஆஸ்டெரிக்ஸின் புகழ் உலகெங்கும் பரவியதால் நிக்கோலா பிரான்சுக்கு வெளியே சற்று நிழலில் நின்றுவிட்டான். கோசினியின் எழுத்துத் திறனை முழுமையாக அறிய வேண்டுமானால் நிக்கோலாவைத்தான் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. இங்கே அவருக்குத் துணையாக ஆஸ்டெரிக்ஸில் வருவதுபோல் மாயக் கஷாயமோ ரோமானியப் படையோ இல்லை, ஒரு பள்ளிக்கூடமும் ஒரு வீடும் மட்டுமே உள்ளன.

கதையைச் சொல்பவன் நிக்கோலாவே. தான் கண்டதையும் கேட்டதையும் மூச்சு விடாமல் அவன் சொல்லிக்கொண்டு போகிறான். பெரியவர்கள் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்பது மட்டும் அவனுக்குப் புரிவதில்லை. புரியாததை அவன் மறைப்பதுமில்லை, புரிந்ததுபோல் பாசாங்கு செய்வதுமில்லை. முதல் நூலில் திரு. போர்தெனாவ் என்னும் கண்காணிப்பாளரைப் பற்றிய கதை ஒன்று உண்டு. இவருக்கு ஏன் நல்ல வெயில் பிடிப்பதில்லை என்று நிக்கோலா வியப்போடு கேட்பதில் அது தொடங்குகிறது. மழை பெய்தால் பிள்ளைகள் இடைவேளையிலும் வகுப்பறைக்குள்ளேயே இருப்பார்கள்; வெயில் அடித்தால் எல்லோரும் மைதானத்திற்கு ஓடுவார்கள், அவர்களை மேய்க்கும் பொறுப்பு அந்த மனிதரின் தலையில் விழும். ஓர் இடைவேளையில் நிகழும் அடிதடிகளையும் அழுகைகளையும் ஒவ்வொன்றாக விவரித்த பின்பும், வெயிலை வெறுக்கும் அந்த மனிதரின் மனம் நிக்கோலாவுக்குப் புதிராகவே இருக்கிறது. காரணத்தை ஆசிரியர் ஒரு வரியிலும் விளக்குவதில்லை. ஒன்பது வயது வாசகர் அந்தக் காரணத்தைத் தாமே கண்டுபிடிக்கும்போது, கதை சொல்பவனைவிடத் தாம் ஒரு படி மேலே நிற்பதை உணர்கிறார். அந்தப் பெருமிதத்திலிருந்தே சிரிப்பு பிறக்கிறது.

இந்த உத்தி எவ்வளவு நேர்த்தியாகக் கையாளப்படுகிறது என்பதற்கு அதே நூலின் மிதிவண்டிக் கதையைச் சொல்லலாம். நிக்கோலாவுக்குப் புது மிதிவண்டி வருகிறது. ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லி அப்பா முதலில் அதில் ஏறுகிறார். பக்கத்து வீட்டுத் திரு. பிளெதூர் வேலிக்கு அப்பாலிருந்து கேலி செய்கிறார். இளமையில் தாம் எப்பேர்ப்பட்ட வீரர் என்று இருவரும் மாறி மாறிப் பெருமையடித்து, கடைசியில் அந்தச் சிறுவனுடைய மிதிவண்டியிலேயே தெருவைச் சுற்றிப் போட்டி நடத்துகிறார்கள். வண்டி நசுங்கித் திரும்புகிறது. மறுநாள் பள்ளியில் இதைக் கேட்ட நண்பன் க்ளோத்தேர், தன் முதல் மிதிவண்டிக்கும் இதே கதிதான் நேர்ந்தது என்றும், அப்பாக்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான், நாம் கவனமாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால் வண்டியை உடைத்துத் தாங்களும் அடிபட்டுக்கொள்வார்கள் என்றும் சொல்கிறான். பெரியவர்கள் பிள்ளைகளைப் பற்றி அன்றாடம் சொல்லும் வார்த்தைகள் அப்படியே திருப்பி வைக்கப்பட்டுள்ளன. இதை உரக்கப் படித்துக் காட்டிய வீடுகளில் பிள்ளைகள் அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் இருந்ததில்லை.

சாம்பேயின் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். மெல்லிய மைக்கோடு, வண்ணம் இல்லை, நிழல் மிகக் குறைவு; முகம் என்றால் இரண்டு புள்ளிகளும் ஒரு மூக்கும்தான். ஆனால் ஒரு மைதானத்தில் இருபது சிறுவர்கள் அடித்துக்கொள்ளும் காட்சியை அவர் வரையும்போது ஒவ்வொருவனும் வேறு யாரோ ஒருவனிடம் தனிக் கணக்குத் தீர்த்துக்கொண்டிருப்பது தெரியும். பெரியவர்களை உயரமாகவும், சிறுவர்களைப் பக்கத்தின் பெரும் வெண்மைக்கு நடுவே மிகச் சிறியவர்களாகவும் வரைவது அவருடைய பழக்கம். கதையில் நிக்கோலா தன் கூட்டத்தைப் பெரிய வீரர்களின் கூட்டமாக விவரித்துக்கொண்டிருக்க, படமோ அரைக்கால் சட்டை அணிந்த பொடியர்களைக் காட்டுகிறது. எழுத்து சொல்வதைப் படம் மீண்டும் சொல்லாமல், எழுத்துக்குத் தெரியாததைச் சொல்கிறது. அதனால் பிள்ளை ஒரு பக்கத்தைப் படித்து முடித்தவுடன் அடுத்த பக்கத்திற்குத் தாண்ட விடாமல், படத்தில் எவன் எவன் என்ன செய்கிறான் என்று தேடச் சொல்லுங்கள். நேரம் போவதே தெரியாது.

கதைமாந்தர்களை நினைவில் வைத்துக்கொள்வது எளிது, ஏனெனில் ஒவ்வொருவனுக்கும் ஒரு குணம், அது எல்லாக் கதைகளிலும் மாறாமல் வருகிறது. அல்செஸ்த் எப்போதும் எதையாவது தின்றுகொண்டிருப்பான். அன்யான் வகுப்பில் முதல் மாணவன், ஆசிரியையின் செல்லப்பிள்ளை. கண்ணாடி அணிந்திருப்பதால் நினைத்தபோதெல்லாம் அவனை அடிக்க முடியாதே என்பது மற்றவர்களின் குறை. ழெஃப்ருவாவின் அப்பா பெரும் பணக்காரர். எட் வலிமை மிக்கவன், பிறரின் மூக்கில் குத்துவதில் விருப்பமுள்ளவன். ரூஃபுஸின் அப்பா காவல்துறையில் இருக்கிறார். க்ளோத்தேர் எப்போதும் கடைசி மாணவன்.

இனி வரிசைக்கு வருவோம். கோசினி உயிரோடு இருந்தபோது தெனோயெல் பதிப்பகம் 1960 முதல் 1964 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து நூல்களை வெளியிட்டது. தொடங்க வேண்டியது, தொடரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் நூலிலிருந்து. அதில் 19 கதைகள் உள்ளன. மேலே சொன்ன இரண்டும் அவற்றுள் அடங்கும். முதல் கதையே வகுப்புப் புகைப்படம் எடுப்பதைப் பற்றியது. வாழ்நாள் முழுதும் போற்ற வேண்டிய நினைவு என்று ஆசிரியை சொல்ல, நிக்கோலா தலையில் தைலம் தடவி வாரிக்கொண்டு வருகிறான். ழெஃப்ருவா செவ்வாய்க் கிரகவாசி வேடத்தில் வந்து நிற்கிறான். யார் எங்கே நிற்பது என்பதில் தொடங்கும் தகராறு முற்றி, எல்லாரையும் ஒருவழியாக ஒழுங்குபடுத்திச் சிரிக்கச் சொல்லும்போது புகைப்படக்காரர் புறப்பட்டுப் போயிருக்கிறார். இந்த ஒரு கதையைக் கடையிலேயே நின்று படித்துப் பார்த்தால், உங்கள் பிள்ளைக்குத் தொடர் பிடிக்குமா என்பது தெரிந்துவிடும். பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரி வகுப்புக்கு வரும் கதையையும் தவறவிட வேண்டாம். கை முழுதும் மையோடு அவர் ஆசிரியையின் கையைப் பற்றி ஆறுதல் சொல்லி விடைபெறும் இடத்தில், பள்ளியில் பணியாற்றும் எவரும் தம்மைக் காண்பார்.

இரண்டாவதாக, வெளியான வரிசையை விட்டு, 1962-இல் வந்த விடுமுறை நூலுக்குத் தாவுங்கள் என்று பரிந்துரைக்கிறேன். மற்ற நான்கும் பெரும்பாலும் வகுப்பறையையும் வீட்டையும் சுற்றிச் சுழல்பவை. இதுவோ முதல் பாதியில் பெற்றோருடன் கடற்கரை விடுதிக்கும், இரண்டாம் பாதியில் பெற்றோர் இன்றிச் சிறுவர்களுக்கான கோடை முகாமுக்கும் செல்கிறது. எங்கே போவது என்பதை அப்பாதான் முடிவு செய்வார் என்ற அறிவிப்போடு தொடங்கும் முதல் கதையின் முதல் வாக்கியத்திலேயே, ஆண்டுதோறும் அப்பாவும் அம்மாவும் சண்டையிடுவதும், அம்மா தன் தாய் வீட்டுக்குப் போவதாக அழுவதும், பாட்டி ஊரில் கடல் இல்லையே என்று நிக்கோலாவும் சேர்ந்து அழுவதும், கடைசியில் அம்மா சொன்ன இடத்துக்கே போவதும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டுவிடுகின்றன. ஐந்து நூல்களிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுவே. முகாமுக்குப் போவதற்கு முன், அங்கே தனியே போகவிருப்பதை மகனிடம் எப்படிச் சொல்வது என்று பெற்றோர் தவிப்பதும், அவன் அதை எளிதாக எடுத்துக்கொண்டதும் அவர்களுக்குச் சற்றே வருத்தம் உண்டாவதும், அதை அவன் கவனித்தும் காரணம் அறியாமல் இருப்பதும் நகைச்சுவையினூடே நெஞ்சைத் தொடும் பகுதிகள். மற்ற மூன்று நூல்களையும் எந்த வரிசையிலும் படிக்கலாம்.

கோசினி 1977-இல் தமது 51-ஆம் வயதில் இறந்தார். நூல்களில் சேராமல் இதழ்ப் பக்கங்களிலேயே தங்கிவிட்ட கதைகளை அவருடைய மகள் ஆன் கோசினி திரட்டி, 2004-இல் 80 கதைகள் கொண்ட பெரிய தொகுதியாகவும், பின்னர் மேலும் சில தொகுதிகளாகவும் கொண்டுவந்தார். நல்ல கதைகள் அவற்றிலும் ஏராளம். ஆனால் ஆசிரியரே தேர்ந்தெடுத்து அடுக்கிய ஐந்து நூல்களில் இருக்கும் செறிவு அவற்றில் சீராக இல்லை. அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் சண்டையிடும் கதைகள் அங்கே அளவுக்கு மீறி வருகின்றன. அளவிலும் எடையிலும் அவை பரிசளிக்க ஏற்றவையாகத் தோன்றுவதால் பலர் அவற்றையே முதலில் வாங்கிவிடுகிறார்கள். அவ்வாறு செய்ய வேண்டாம்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். இவை 1950-களின் இறுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் இருந்த பிரான்சின் கதைகள். அம்மா சமையலறையில், அப்பா அலுவலகத்திலிருந்து திரும்பிச் சாய்வு நாற்காலியில் நாளிதழோடு. இதை மாற்றி யோசிப்பவர் யாருமில்லை. ஆண் பிள்ளைகள் மட்டுமே படிக்கும் பள்ளி என்பதால் சிறுமிகள் அரிதாகவே வருகிறார்கள். அப்படி வரும் லூயிசெத், நிக்கோலாவைக் காட்டிலும் வலுவாகப் பந்தை உதைத்துக் கண்ணாடியை உடைப்பவளாக இருப்பது நிறைவளிக்கிறது. இன்னும் அவளைப் போன்றவர்கள் இருந்திருக்கலாம். செவ்விந்தியர்களாகவும் கௌபாய்களாகவும் வேடமிட்டு விளையாடும் கதையை, அமெரிக்கப் பழங்குடி மக்கள் உண்மையில் யார் என்று சொல்லிக்கொடுத்தபடி படிப்பது நல்லது. அல்செஸ்தும் நிக்கோலாவும் சுருட்டுப் பிடித்துப் பார்க்கும் கதை ஒன்று உண்டு. அதில் இருவரும் வாந்தி எடுக்குமளவு அவதிப்படுவதால் அது புகைப்பதற்கு ஆசை மூட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை. அப்பாவின் புகைக்குழாய்தான் மகனை நோயாளியாக்கியது என்று அம்மா தவறாக முடிவு செய்து, அப்பாவுக்கு வீட்டில் புகைக்கத் தடை போடுவதுதான் கதையின் சிரிப்பு. இன்னொரு குறை வடிவத்தைச் சேர்ந்தது: கதைகள் பலவும் கைகலப்பில் முடிகின்றன. வாரம் ஒன்றாக நாளிதழில் படித்தவர்களுக்கு அது உறுத்தியிருக்காது. ஒரே அமர்வில் ஆறு கதைகளைப் படித்தால் சலிக்கும். இரவுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும்.

பிரெஞ்சு தெரியாதவர்கள் ஆங்கிலத்தில் ஆந்தியா பெல் செய்த மொழிபெயர்ப்பைத் தேடுங்கள். ஃபைடன் பதிப்பகம் 2005 முதல் ஐந்து நூல்களையும் வெளியிட்டது. டெரெக் ஹாக்ரிட்ஜோடு இணைந்து ஆஸ்டெரிக்ஸை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் இவரே. அல்செஸ்த் இதில் அலெக் என்றும், அன்யான் கத்பர்ட் என்றும், க்ளோத்தேர் மாத்யூ என்றும் பெயர் மாறியிருப்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் எளியதுதான், ஆனால் வாக்கியங்கள் நீண்டு, ‘அப்புறம்’, ‘அதனால்’ என்று கோத்துக்கொண்டே போகும். தனியாகப் படிக்கும் பிள்ளை இதில் தடுமாறலாம். பெரியவர் ஒருவர் மூச்சு வாங்காமல் வேகமாகப் படித்துக் காட்டும்போது அதே நீளம் சிரிப்பாக மாறுகிறது. ஆறு வயதிலிருந்து கேட்கலாம், எட்டு ஒன்பது வயதிலிருந்து தாமாகப் படிக்கலாம். வீட்டில் நான் செய்வதுபோல் ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லிப் போவதும் நன்றாகவே நடக்கிறது. சிறுவனின் பேச்சு எந்த ஊரிலும் அதே வேகத்தில்தானே ஓடுகிறது.

திரைப்படங்களும் உண்டு. 2009-இல் லொரான் திரார் இயக்கிய படம் சுவையானது. 2022-இல் பிரான்சின் அனெசி அசைவூட்டத் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்ற அசைவூட்டப் படம் கோசினி, சாம்பே ஆகியோரின் வாழ்க்கையையும் நிக்கோலாவின் கதைகளையும் பின்னிச் சொல்கிறது. சாம்பேயின் கோடுகளைத் திரையில் அவ்வளவு மென்மையாகக் கொண்டுவந்தவர்கள் வேறு யாருமில்லை. அந்தப் படம் வெளியான அதே ஆண்டு ஆகஸ்டில் சாம்பே மறைந்தார். படங்களை நூல்களுக்குப் பிறகே காட்டுங்கள். நிக்கோலாவின் குரலைப் பிள்ளை முதலில் தன் மனத்துக்குள் கேட்டிருக்க வேண்டும்.

ஐந்தையும் ஒன்றாக வாங்க வேண்டிய தேவை இல்லை. முதல் நூலை வாங்கிப் புகைப்படக் கதையையும் மிதிவண்டிக் கதையையும் படித்துக் காட்டுங்கள். பிள்ளை அடுத்ததைக் கேட்டால் விடுமுறை நூலைக் கோடை விடுமுறை தொடங்கும் வாரத்துக்கென்று எடுத்து வையுங்கள்.