ஒரே பாக்டீரியா, இரண்டு வழி: யோக்யகர்த்தாவா, சிங்கப்பூரா?

டெங்குவைத் தடுக்க வோல்பாக்கியா என்று பேச்சு வந்தாலே, "கொசுவை விட்டே கொசுவை ஒழிக்கிறார்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் யாரும் கொசுவை ஒழிக்கவில்லை. ஒழிக்கப் பார்ப்பது சிங்கப்பூர்தான். இரண்டு ஊரும் நம்பியிருப்பது ஒரே பாக்டீரியா இனத்தை. ஆனால் யோக்யகர்த்தாவில் எது வெற்றியோ, அதுவே சிங்கப்பூரில் நடந்தால் விபத்து.

வோல்பாக்கியா பூச்சிகளின் செல்லுக்குள் குடியிருக்கும் உயிரி. 1924இல் முதன்முதலாகக் கண்டுபிடித்தது கியூலெக்ஸ் கொசுவில்தான். டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தியில் இயல்பாக இது இருப்பதில்லை. ஆய்வகத்தில் அதன் முட்டைக்குள் மெல்லிய ஊசியால் செலுத்தி வளர்க்கிறார்கள். பிறகு தாயிடமிருந்து பிள்ளைக்குத் தானாகவே போகும். பாக்டீரியா உள்ள ஆண், பாக்டீரியா இல்லாத பெண்ணோடு கூடினால் முட்டை பொரியாது. பெண்ணிடம் பாக்டீரியா இருந்தாலோ, அதே வகை பாக்டீரியா உள்ள ஆணோடு கூடினாலும், பாக்டீரியாவே இல்லாத ஆணோடு கூடினாலும் முட்டை பொரியும், குஞ்சுகள் அத்தனையிலும் பாக்டீரியா இருக்கும். இதற்கு மேல் ஒரு லாபமும் உண்டு: இந்தக் கொசுவின் உடம்பில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகாது.

யோக்யகர்த்தாவில் ஆண், பெண் இரண்டையும் விட்டார்கள். 2017இல் வீட்டு முற்றங்களில் சிறு வாளிகள் வைக்கப்பட்டன. உள்ளே தண்ணீர், முட்டை ஒட்டிய ஒரு பட்டை, கொஞ்சம் மீன் தீவனம்; கொசு வெளியேற வாளியில் ஓட்டைகள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பட்டையையும் தண்ணீரையும் மாற்றினார்கள். சில மாதங்களில் வாளி வைத்த இடங்களின் கொசுக்களில் பெரும்பாலானவை வோல்பாக்கியாக் கொசுக்களாகிவிட்டன. நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 12இல் மட்டும் விட்டுப் பார்த்த ஆய்வு அது. கொசு விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தவர்கள் 86 சதவீதம் குறைந்தார்கள். இவ்வளவு கறாரான சோதனையில் தேறிய கொசுக் கட்டுப்பாட்டு முறைகள் மிகச் சிலவே. கொசு கடிப்பது மட்டும் நிற்கவில்லை. "எங்கள் கொசுவைக் கொல்லாதீர்கள், கடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று மக்களிடம் சொல்லி, சம்மதம் வாங்க வேண்டியிருந்தது.

சிங்கப்பூரின் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016இலிருந்து ஆண்களை மட்டும் விடுகிறது. ஆண் கொசு கடிக்காது என்பதால் மக்களிடம் விளக்குவது எளிது. தெம்பனிஸ், ஈசூன் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் திறந்துவிடும் ஆண்கள் அங்குள்ள பெண்களோடு கூட, முட்டைகள் வீணாகும். கொசு 80 முதல் 90 சதவீதம் வரை குறைந்தது, அங்கே குடியிருப்பவர்களுக்கு டெங்கு வரும் வாய்ப்பு சுமார் 75 சதவீதம் குறைந்தது என்கிறது வாரியம். டெங்கு குறைந்த அளவில் இரண்டு ஊரும் கிட்டத்தட்ட சமம்தான்.

வித்தியாசம் தொழிற்சாலையில் இருக்கிறது. கூட்டுப்புழுப் பருவத்தில் பெண் பெரிது, ஆண் சிறிது. அந்த அளவை வைத்துப் பிரிக்கிறார்கள். எவ்வளவு நுணுக்கமாகச் சலித்தாலும் ஒன்றிரண்டு பெண் தப்பும். வளமுள்ள அந்தப் பெண் வெளியே போய்க் குஞ்சு பொரித்துப் பரவினால் அங்குள்ள பெண்களும் பாக்டீரியா உள்ளவையாகிவிடும். அதன் பிறகு எத்தனை லட்சம் ஆண்களை விட்டாலும் முட்டை பொரிந்துகொண்டேதான் இருக்கும். அதனால் தப்பிய பெண்ணும் மலடாகட்டும் என்று சில இடங்களில் லேசான எக்ஸ்ரே கொடுத்தே விட்டார்கள். வெளியிடுவதையும் நிறுத்த முடியாது. நிறுத்தினால் பக்கத்துப் பேட்டையிலிருந்து சாதாரணக் கொசு திரும்பி வந்துவிடும். சிங்கப்பூர் சின்னத் தீவு, அதனிடம் பணமும் இருக்கிறது, சமாளிக்கிறது.

நம் ஊர்களுக்கு யோக்யகர்த்தா வழிதான் என்பேன். தெருவுக்குத் தெரு வாரந்தோறும் ஆண் கொசுவைக் கொண்டுபோய்ச் சேர்க்க நம் மாநகராட்சிகளால் வருடக்கணக்கில் முடியாது. ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் பகுதியில் 2011இல் விட்ட வோல்பாக்கியா, மறுபடி விடாமலேயே பல வருடம் நீடித்தது. செலவு முதலிலேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் வெயிலைக் கணக்கில் எடுக்காமல் இதைச் சொல்லக் கூடாது. யோக்யகர்த்தாவில் பயன்பட்டது பழ ஈயிலிருந்து எடுத்த வகை. சூடான தண்ணீரில் வளரும் புழுக்களில் அது குறைந்துபோகும். 2018 நவம்பரில் கெய்ன்ஸில் வெயில் 43 டிகிரி தாண்டியபோது பாக்டீரியா உள்ள கொசுக்களின் விகிதம் சரிந்து, சில மாதம் கழித்தே பழைய நிலைக்கு வந்தது. சிங்கப்பூர் பயன்படுத்துவது ஆசியப் புலிக்கொசுவிலிருந்து எடுத்த வகை. அது சூட்டை நன்றாகவே தாங்கும். கோலாலம்பூரில் அதை யோக்யகர்த்தா பாணியில் ஆண், பெண் இரண்டு கொசுவிலும் ஏற்றி விட்டுப் பார்த்தார்கள். டெங்கு சுமார் 40 சதவீதம் குறைந்தது. ஈ வகை அளவுக்கு இல்லை, ஆனாலும் வெயில் ஊரில் அது பிழைத்தது.

புதுச்சேரியில் உள்ள ஐசிஎம்ஆரின் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் இரண்டு வகையையும் உள்ளூர் ஏடிஸில் ஏற்றி வளர்த்திருப்பதாக 2022இல் அறிவித்தது. எந்த வகையின் பெண்ணை முதலில் வெளியே விடுகிறோமோ, அதே வகை ஆண்களை வைத்துக் கொசுவைக் குறைக்கும் சிங்கப்பூர் வழி அந்த ஊரில் அடைபட்டுப் போகும். ஆகவே முதல் வாளியை வைக்கும் முன், மே மாதத்து மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் இரண்டு வகையையும் கூண்டுக்குள் ஒரு கோடை முழுக்க வளர்த்துப் பார்த்துவிட வேண்டும்.