எஸ்சிடலோப்ராம்: யாரும் சொல்லாத ஒன்று

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் எஸ்சிடலோப்ராம் மாத்திரையை நண்பனுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். "நீ போடுறியே, எப்படி இருக்கு?" என்று கேட்டான். சில வருடங்களாகப் போடுகிறவன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம் குமட்டல், ஓயாத கொட்டாவி. அவை தானாக அடங்கின. மனசு தெளிய அதைவிட நாளானது. மூளையில் உள்ள செரட்டோனின் என்ற ரசாயனத்தின் மேல் மருந்து உடனே வேலை செய்தாலும் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகலாம். சந்தோஷம் என்று தனியாக எதுவும் வரவில்லை. விடியற்காலை நெஞ்சு படபடத்து விழிப்பது நின்றது. போன் அடித்தால் எடுக்க முடிந்தது. என் குழந்தை சொல்லும் கதையைக் கடைசிவரை கேட்க முடிந்தது. எனக்கு இது பெரிய விஷயம்.

என் கோபம் தாம்பத்தியத்தைப் பற்றியது. ஆசை குறைந்தது, உச்சம் தள்ளிப்போனது, சில சமயம் வரவே இல்லை. எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற, செரட்டோனின் மேல் வேலை செய்யும் இந்த வகை மாத்திரைகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் மிகச் சாதாரணமாக வருவதுதான் இது. ஆனால் முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள், விவரச் சீட்டு வராது. மருத்துவர் தூக்கத்தைக் கேட்டார், பசியைக் கேட்டார், இதைக் கேட்கவில்லை. தன்னை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று என் மனைவி பல மாதம் உள்ளுக்குள் அழுதிருக்கிறாள். அந்த மாதங்களை யார் திருப்பித் தருவார்கள்?

நியாயமாகச் சொன்னால், மனச்சோர்வே ஆசையைக் கொல்லும். எது நோய், எது மருந்து என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் நானாகக் கேட்ட பிறகு வழி இருந்தது. மருத்துவர் 20 மில்லிகிராமை மெதுவாக 10 ஆக்கினார், ஓரளவு சரியானது. புப்ரோபியான், மிர்டாசபின் போன்ற வேறு மனச்சோர்வு மருந்துகளில் இந்தத் தொல்லை குறைவு, மாற்றிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே!

கோபத்தில் நீயாக நிறுத்திவிடாதே. ஊருக்குப் போனபோது மாத்திரை தீர்ந்து, தலைக்குள் சுளீர் சுளீரென்று ஷாக் அடித்ததும் தலைசுற்றலும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நான் வேலைக்குப் போவதே இந்த மாத்திரையால்தான். ஆனாலும் நல்ல மருந்து என்று எழுத இன்று எனக்கு மனம் வரவில்லை. நீ போடு. அடுத்த முறை போகும்போது உன் மனைவியையும் கூட்டிப் போ, இந்தக் கேள்வியை முதலில் கேள்.