காரைக்குடியில் உட்கார்ந்து ஒட்டாவா ஆவணம் படிக்க: கனடா நூலக ஆவணக் காப்பகத்தின் இணைய சேவை

பத்திரம் படிக்கத் தெரிந்த ஊர் செட்டிநாடு. தாய்ப்பத்திரம், சக்குபந்தி, சாட்சிக் கையெழுத்து, வில்லங்கம் எல்லாம் பார்க்காமல் இங்கே யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. அதே கண்ணோடு கனடா பூர்வகுடிகளின் உடன்படிக்கைகளையும் நில ஒப்படைப்புகளையும் படிக்க விரும்பும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு இந்த சேவை நன்றாகவே கைகொடுக்கும். மைக்ரோபிலிம் (காகிதங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்த சுருள்) படங்களைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஆனால் வழி தெரியாமல் நுழைந்தால் ஒரு வாரம் வீணாகப் போகும்.

நேரே தேடல் பெட்டிக்குப் போகாதீர்கள். ஒட்டாவா அரசு 1891-ல் இரண்டு தொகுதிகளாகவும் 1912-ல் மூன்றாவதாகவும் அச்சிட்ட உடன்படிக்கை, ஒப்படைப்புத் தொகுப்பை (Indian Treaties and Surrenders) முதலில் எடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1680 முதலான பத்திரங்கள் அதில் வரிசை எண்ணோடு இருக்கின்றன. எண், தேதி, அந்தக் காலத்து இனக்குழுப் பெயர் மூன்றையும் குறித்துக்கொண்ட பிறகு காப்பகத்தின் தொகுப்புத் தேடலுக்கு வாருங்கள். இன்றைய பெயரைப் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. ஒரே மக்களை ஓரிடத்தில் ஒஜிப்வே என்றும், இன்னோரிடத்தில் சிப்பெவா என்றும், மேற்கே சோட்டோ (Saulteaux) என்றும் குமாஸ்தாக்கள் எழுதியிருப்பார்கள். எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

பூர்வகுடி விவகாரத் துறையின் காகிதங்கள் 'ஆர்ஜி 10' (RG 10) என்ற பிரிவில் உள்ளன. கிழக்குப் பகுதிக் கோப்புகளுக்குச் சிவப்பு வரிசை, மேற்குக்குக் கறுப்பு வரிசை என்று பெயர். தேடலில் தொகுதி எண்ணும் மைக்ரோபிலிம் சுருள் எண்ணும் கிடைக்கும். அந்தச் சுருளை ஹெரிடேஜ் கனடியானா தளத்தில் திறக்கலாம். ஒரு சுருளில் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகள் இருக்கும். கையெழுத்துப் பக்கங்களுக்குள் பெரும்பாலும் சொல் தேட முடியாது. நடுவில் ஒரு படத்தைத் திறந்து, தொகுதி எண்ணைப் பார்த்து, முன்னோ பின்னோ பாதி பாதியாக நகர்வதே வேகமான வழி. பட எண்ணை அப்போதே எழுதி வையுங்கள். மறுநாள் தேடினால் தலைவலி.

படத்தின் தரம்தான் பெரிய குறை. பழைய மைக்ரோபிலிம் கறுப்பு வெள்ளை. வரைபடத்தில் எல்லையைச் சிவப்பு மையில் போட்டு, உள்ளே நீலம் தீட்டியிருந்தால் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். அப்படிப்பட்ட தாளுக்கு மட்டும் காசு கொடுத்து வண்ணப் பிரதி கேட்பது நல்லது.

ஒப்படைப்பு என்பது கிரயம் அல்ல. இதை விட்டுவிட்டால் ஆராய்ச்சி முழுதும் கோணிவிடும். 1763-ம் ஆண்டு அரச பிரகடனத்தின்படி பூர்வகுடி நிலத்தைத் தனியார் வாங்கக் கூடாது. பொதுக்கூட்டம் கூட்டி, அரசின் பெயரில்தான் வாங்க வேண்டும். பூர்வகுடிகள் பற்றிய 1876 சட்டப்படி (Indian Act), அவர்களுக்கென ஒதுக்கிய நிலத்தை அரசிடம் ஒப்படைக்க, வயதுவந்த ஆண்களில் பெரும்பான்மையோர் கூட்டத்தில் சம்மதிக்க வேண்டும். விற்பதற்காக ஒப்படைத்தால், அரசு அந்த மக்கள் சார்பில் விற்று, பணத்தை அவர்கள் கணக்கில் வைக்கும். ஆகவே ஒப்படைப்புப் பத்திரத்தோடு நிற்காதீர்கள். கூட்டச் சம்மதத்துக்கான பிரமாண வாக்குமூலம், 'ஆர்ஜி 2'-ல் இருக்கும் மந்திரிசபை ஆணை, விற்பனைப் பதிவு, பணக் கணக்கு நான்கையும் சேர்த்துப் படித்தால்தான் நிலம் யார் கைக்குப் போனது, பணம் எங்கே நின்றது என்பது புரியும்.

டொரண்டோ நிலத்தையே பாருங்கள். பிரிட்டிஷ் அரசு அங்கத்துப் பூர்வகுடிகளோடு 1787-ல் செய்த பத்திரத்தில் சக்குபந்தியே இல்லை. நில விவரம் எழுத வேண்டிய இடம் காலி. மூன்று தலைவர்களின் குறிகள் தனித் துண்டுக் காகிதங்களில் போட்டு ஒட்டப்பட்டிருந்தன. வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கினால் என்ன ஆகும் என்பது நம் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். 1805-ல் பத்து ஷில்லிங்குக்கு மறுபடி எழுதிக்கொண்டார்கள். நிலம் சுமார் 2,50,000 ஏக்கர். இதைப் பற்றி அந்தப் பூர்வகுடிகள் எழுப்பிய உரிமைக் கோரிக்கைக்கு 2010-ல்தான் 14.5 கோடி டாலரில் தீர்வு வந்தது. அச்சுப் பிரதியோடு நிறுத்தாமல் மூலத்தைப் பாருங்கள் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான். கொக்கு, கழுகு என்று தலைவர்கள் வரைந்த குலச் சின்னங்களையும் மூலத்தில்தான் தெளிவாகக் காண முடியும்.

அளவுகளில் நமக்குச் சிரமமில்லை. பழைய புலப்படங்களில் பழகிய அதே 66 அடிச் சங்கிலி, நூறு லிங்க் கணக்குதான் அங்கும். 80 சங்கிலி ஒரு மைல். 640 ஏக்கர் ஒரு சதுர மைல். கனடா அரசு பூர்வகுடிகளோடு எண் போட்டுச் செய்த உடன்படிக்கைகளில், மூன்றாம் எண் உடன்படிக்கையில் (1873) ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு சதுர மைல். முதலாம் எண்ணில் (1871) 160 ஏக்கர்தான்.

ஒரு பெரிய எச்சரிக்கை. இந்தக் காப்பகத்தில் இருப்பது பெரும்பாலும் அரசுத் தரப்புக் குமாஸ்தா எழுதியது. வாய்மொழியாகக் கொடுத்த வாக்குகள் பத்திரத்தில் ஏறவில்லை என்ற முறையீடு முதலாம் எண் உடன்படிக்கையிலேயே எழுந்தது. 1875-ல் சிலவற்றைத் தனிக் குறிப்பாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. பூர்வகுடி மக்களிடம் வாய்மொழி வரலாறு உண்டு; கிழக்குப் பகுதியில் சிலரிடம் வாம்பம் என்ற சிப்பி மணிப்பட்டைகளும் உள்ளன. அவற்றைப் பயன்படுத்த அவர்களிடமே அனுமதி கேட்க வேண்டும். பர்மா நிலப் பத்திரங்களைப் பெட்டகத்தில் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்: அங்கே உழுதவனின் தரப்பு நம் பத்திரத்திலும் இல்லை.

கோப்பு விவரத்தில் அனுமதிக் குறியீடு 90 என்றிருந்தால் திறந்தது, 32 என்றிருந்தால் சட்டப்படி கட்டுப்பாடு உள்ளது. சந்தேகங்களை இணையப் படிவத்தில் எழுதிக் கேட்கலாம். சுருள் எண்ணையும் பட எண்ணையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். ஒட்டாவாவில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. கைபேசியில் இந்த வேலை ஆகாது. பெரிய திரை வேண்டும், மாதாந்திர மின்தடை நாளுக்கு முன்பே வேண்டிய படங்களை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.