வீணைப் பதிவுக்கு இரைச்சலில்லாக் கணினி: நாக்டுவா குளிர்விப்பான்

தஞ்சாவூரில் எங்கள் வீட்டு அறையில் வீணை பதிவு செய்வதற்காகப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினியில், கொடுத்த பணத்துக்கு முழுமையாகத் தகுந்தது, பிராசசரின் (கணினியின் மையச் செயலி) சூட்டைத் தணிக்கும் நாக்டுவா என்எச்-யூ12எஸ் குளிர்விப்பான்தான். இதன் 120 மி.மீ. விசிறி நிமிடத்துக்கு அதிகபட்சம் 1500 சுற்றுகள் சுழலக்கூடியது. பயாஸ் (கணினியின் அடிப்படை மென்பொருள்) அமைப்பில் அந்த வேகத்தைப் பாதியாகக் குறைத்தபின், மீட்டிய தந்தியின் கார்வை தேய்ந்து அடங்கும் கடைசி நொடியிலும் கண்டென்சர் மைக்கில் இரைச்சல் ஏறவில்லை. குளிர்விப்பானின் உயரம் 158 மி.மீ. என்பதால், கணினியின் கேபினட்டில் அதற்கு இடமுண்டா என்பதை முன்பே அளந்துகொள்வது அவசியம். ஹார்டு டிஸ்க்கின் முனகலைத் தவிர்க்க சுழலும் பாகங்கள் இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகம் போதும். சித்திரை வெயிலிலும் மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட்டே பதிவு செய்ய வேண்டியிருப்பதால், 65 வாட் பிராசசரே நல்லது. அதிக வெப்பம் உமிழும் பிராசசரை வாங்கினால், எவ்வளவு தரமான விசிறியும் வேகமெடுத்து இரையத்தான் செய்யும். இந்தக் குளிர்விப்பானின் விலை கூடுதல்தான் என்றாலும், 6 ஆண்டு உத்தரவாதம் உண்டு.