1000 வாட்ஸ் என்று சொல்லி 45 வாட்ஸைத் தலையில் கட்டினார்கள்

மலையகத்தில் கந்தப்பளை, ராகலை, வெலிமடைப் பக்கம் நாற்றுப் போட்டு விற்கிறவர்களும், கிரீன்ஹவுசுக்குத் தாங்களே கன்று வளர்க்கிறவர்களும் இதைத் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள். போன மே மாதம் நாற்று வளர்க்கும் விளக்கு வாங்கி நான் பட்டது இன்னொருவருக்கு வரக்கூடாது.

எங்கள் பக்கத்துக் காலநிலை உங்களுக்குத் தெரியும். மே கடைசியில் தென்மேல் மழை பிடித்தால் ஆவணி வரைக்கும் வெயில் முகம் காட்டாது. பகல் பதினொரு மணிக்கும் மூடுபனி, ராத்திரியில் 12 பாகைக்குக் கீழே குளிர். கோவா, லீக்ஸ் என்றால் சமாளிக்கும். பெல் பெப்பர் விதை அந்தக் குளிரில் முளைக்கவே முளைக்காது, நன்றாக முளைக்க 25 பாகைக்குக் கிட்டச் சூடு வேண்டும். அதனால்தான் சும்மா கிடந்த லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) தட்டு அடுக்கி, விளக்கு வெளிச்சத்தில் நாற்று வளர்க்கலாம் என்று நானும் மனைவியும் முடிவெடுத்தோம். அவள் கொழுந்தெடுத்துக் கட்டிய சீட்டுக் காசு கையில் இருந்தது. மேல் டிவிசன் அண்ணன் ஒருவர் தன்னுடைய கிரீன்ஹவுசுக்கு 1500 கன்று வேண்டுமென்று பாதிக் காசை முன்பணமாகவே தந்திருந்தார்.

பேஸ்புக்கில் ஒரு விற்பனைப் பக்கம். ‘1000 வாட்ஸ் நாற்று விளக்கு, நாலுக்கு நாலு அடி இடத்துக்குப் போதும்’ என்று படத்தோடு போட்டிருந்தார்கள். ஒன்று 14,500 ரூபா. நாலு எடுத்தேன். வாங்குவதற்கு முன்னால் எத்தனை கேள்வி கேட்டாலும் “சொல்லுங்கண்ணா” என்று நள்ளிரவிலும் பதில் வந்தது. பார்சல் வந்து, காசைக் கொடுத்து, சுவிட்சைப் போட்டால் காம்பரா முழுக்க ஊதா நிறம். கண்ணுக்கு வெளிச்சம் மங்கலாகத்தான் தெரிந்தது. கேட்டேன். “செடிக்குத் தேவை சிவப்பும் நீலமும் மட்டும்தான் அண்ணா, மனுசக் கண்ணுக்கு அது மங்கலாத்தான் இருக்கும்” என்றார்கள். இதில்தான் நான் விழுந்தேன். இலை சிவப்பையும் நீலத்தையும் கூடுதலாக உறிஞ்சும் என்பது உண்மை. அந்த அரை உண்மையை வைத்துக்கொண்டு மீதியை மறைத்துவிட்டார்கள். ஊதா வெளிச்சம் எவ்வளவு என்பதைக் கண்ணாலும் சொல்ல முடியாது, போனில் இருக்கும் வெளிச்ச அளவு செயலியாலும் ஒழுங்காகச் சொல்ல முடியாது. ஏமாற்ற நினைப்பவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

தும்புத்தூள் நிரப்பிய 104 குழித் தட்டு 24. விதையை அடுப்பங்கரைச் சூட்டில் பொலித்தீன் சுற்றி வைத்தோம். பத்தாம் நாள் அழகாக முளைத்து வந்தது. எல்லாவற்றையும் விளக்குக்குக் கீழே கொண்டுபோய் வைத்தோம், ஒரு நாளைக்கு 16 மணித்தியாலம்.

நாலாம் நாளே தண்டு நீளத் தொடங்கியது. கன்று வளர்கிறது என்றுதான் சந்தோஷப்பட்டோம். ஒரு வாரத்தில் நூல் மாதிரி மெலிந்து, வெளிறி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துவிட்டது. வெளிச்சத்தைத் தேடித்தான் கன்று அப்படி ஓடும். விற்றவர்களுக்குப் படம் அனுப்பினேன். “தண்ணி கூடிப்போச்சு அண்ணா” என்றார்கள். தண்ணீரைக் குறைத்தேன். “லைட்டை இறக்குங்க” என்றார்கள். இறக்கினேன். இரண்டாம் வாரம் அடியழுகல் பிடித்தது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்துச் சுருங்கி, காலையில் நின்ற கன்று மாலையில் படுத்துக் கிடக்கும். வலுவில்லாத கன்றும் ஈரக் காம்பராவும் சேர்ந்தால் அந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கிட்டத்தட்ட 2500 குழியில் நடக்கூடிய கன்றாக மிஞ்சியது 200 கூட இல்லை.

அதற்கிடையில் கரண்ட் பில் வந்தது. பயந்துகொண்டே பிரித்துப் பார்த்தோம், வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. “நல்ல லைட்டு, கரண்டே குடிக்கல” என்று மனைவியிடம் சொன்னேன். வயரிங் வேலை செய்யும் என் மச்சான் அன்றைக்கு வீட்டில் இருந்தான். பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, “மச்சான், நாலு ஆயிரம் வாட்ஸ் லைட்டு 16 மணித்தியாலம் எரிஞ்சா ஒரு நாளைக்கே 64 யூனிட். மாசத்துக்கு 1900 தாண்டணும். இது நடக்கிற கதையா?” என்றான்.

வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டு, மின்மானிக்கு முன்னால் போனோடு நின்றோம். இலக்க மின்மானியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று முகப்பிலேயே சின்ன எழுத்தில் எழுதியிருக்கும். எங்கள் வீட்டுடையதில் 1600. அப்படியானால் 1000 வாட்ஸ் எரியும்போது இரண்டேகால் நொடிக்கு ஒரு தடவை மினுக்க வேண்டும். எங்களுக்கு 50 நொடிக்கு ஒரு தடவைதான் மினுக்கியது. கணக்குப் போட்டால் 45 வாட்ஸ். நாலு விளக்கையும் தனித்தனியே பார்த்தோம். நாலும் அப்படித்தான்.

பிறகுதான் கூத்து விளங்கியது. உள்ளே 100 சின்ன எல்ஈடி. ஒவ்வொன்றும் ‘10 வாட்ஸ் வகை’ என்று எண்ணி, பெருக்கி, 1000 என்று பெட்டியில் அச்சடித்துவிடுகிறார்கள். அது உண்மையில் எவ்வளவு கரண்டில் எரிகிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. குடிக்கும் கரண்டுக்கு மேல் எந்த விளக்கும் வெளிச்சம் தராது. நாற்றுக்கு ஒரு சதுர மீற்றரில் நொடிக்கு 150 முதல் 200 மைக்ரோமோல் (செடிக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமாவது விழ வேண்டும். 45 வாட்ஸை நாலுக்கு நாலு அடியில் பரப்பினால் ஏறக்குறைய 30தான் வரும். வெளியே மூடுபனியில் வைத்திருந்தால்கூட நடுப்பகலில் அதைவிடப் பல மடங்கு கிடைத்திருக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது விளக்கு மாட்டியிருந்த இரும்புத் தட்டைத் தொட்ட என் மனைவிக்குக் கை சுர்ரென்று இழுத்தது. ஈரத்தில் ஏதோ என்று விட்டுவிட்டோம். மச்சான் விளக்கைக் கழற்றினான். பிளக்கில் மூன்று முள், ஆனால் வயரில் இரண்டே கம்பி. எர்த் கம்பி இல்லவே இல்லை, கூடோ முழுக்கத் தகரம். எங்கள் பழைய லயத்து வயரிங்கில், கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்சும் கிடையாது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. விதை போனது, காசு போனது, அதெல்லாம் இருக்கட்டும். இதை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். ஏற்கனவே வாங்கி வைத்திருப்பவர்கள், வேறெதைப் பார்க்காவிட்டாலும் எர்த் இருக்கிறதா என்று தெரிந்த ஒருவரைக் கொண்டு இன்றைக்கே பாருங்கள். அதுவரை பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

இதையெல்லாம் எழுதி அனுப்பிய அன்றே என்னை ‘புளொக்’ செய்துவிட்டார்கள். பார்சல் துண்டில் ஒரு பெயரும் போன் நம்பரும்தான், முகவரி இல்லை. ரசீது கேட்டு வாங்காதது என் பிழை. நாம் கேட்டால் கடைக்காரர் ரசீது தந்தே ஆக வேண்டும். நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977க்கு அழைத்துக் கேட்டேன். பிறகு பார்சல் துண்டு, மின்மானியின் வீடியோ, விளம்பரப் படம் எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே ‘திருப்பித் தருவார்கள்’ என்று பேசிப் பேசி நாளைக் கடத்தாதீர்கள்.

அண்ணனுக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. “சரி தம்பி, இந்தப் போகம் சலாது போட்டுக்கிறேன்” என்றார். திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

இப்போது டவுன் ஹார்ட்வெயாரில் வாரண்டியோடு வாங்கிய சாதாரண வெள்ளை எல்ஈடி டியூப்தான் எங்கள் விளக்கு. நாலடி நீளம், 20 வாட்ஸ், ‘டே லைட்’ வகை. நாலுக்கு இரண்டடித் தட்டுக்கு நாலு டியூப், கன்றுக்கு மேலே அரையடி உயரத்தில். முதலில் ஒரே ஒரு தட்டில் மலிவான தக்காளி விதை போட்டுப் பத்து நாள் பார்த்தோம். தண்டு குட்டையாக, தடித்து நின்றது. அதற்குப் பிறகுதான் பெப்பர் விதைப் பக்கெட்டை உடைத்தோம்.

அடுத்த போகத்துக்கென்று அண்ணனுக்கு மறுபடி போட்ட 1500 கன்றும் இன்றைக்கு நாலு இலையில் நிற்கின்றன. இந்தத் திங்கட்கிழமையிலிருந்து பகலில் கொஞ்ச நேரம் வெளியே வைத்துக் குளிருக்குப் பழக்கத் தொடங்கியிருக்கிறோம், ஒரு வாரம் பத்து நாள் அப்படி வைத்துவிட்டு மேலே ஏற்றி அனுப்ப வேண்டும். அந்த ஊதா விளக்கு நாலும் எர்த் இல்லாத வயரை வெட்டியெடுத்து மூலையில் கிடக்கின்றன. யாராவது கேட்டால் விற்கவும் மாட்டேன், சும்மா கொடுக்கவும் மாட்டேன்.